உண்ணி பொறுக்கும் மீன்

மூன்று வருடத்துக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஓசூரிலிருந்து கிருஷ்ணகிரி வரும் பேருந்தில், மடியில் ஒரு மஞ்சள் பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பைக்குள் ஆக்சிஜன் அடைத்துக் கட்டிய பாலிதீன் கவர், கவருக்குள் உப்புத் தண்ணீர், தண்ணீருக்குள் என் சுண்டுவிரல் அளவுக்கு ஒரு மீன். சூளகிரி தாண்டும்போது பையை லேசாகத் திறந்து பார்த்தேன். கவரின் மூலையில் அசையாமல் நின்றிருந்தது. வாய் முனையில் ஒரு கோடாகத் தொடங்கி, வால் பக்கம் போகப்போக அகலமாகும் கறுப்புப் பட்டை. அதற்கு மேலும் கீழும் நீலம். பையை மூடி இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டேன்.

கடற்கரைக்கு இருநூறு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் ஊரில் கடல் மீன் வளர்ப்பது லேசான காரியம் இல்லை. எங்கள் பக்கத்து போர் தண்ணீரில் ஃபுளோரைடு. தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டத்துக்கும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வந்ததே அதனால்தான். அந்தத் தண்ணீரைத் தொட்டியில் ஊற்ற முடியாது. ஆர்ஓ தண்ணீர் பிடித்து, லிட்டருக்கு 35 கிராம் கணக்கில் கடல் உப்புக் கலவை போட்டுக் கரைத்து, ஒருநாள் முழுக்க மோட்டார் ஓடவிட்டு, அப்புறம்தான் ஊற்றுவேன். 200 லிட்டர் தொட்டிக்கு ஏழு கிலோ உப்பு. என் மகள் அப்போது ஏழாவது படித்துக்கொண்டிருந்தாள். தினமும் உப்பு அளவு பார்ப்பது அவள் வேலை. தொட்டியில் ஏற்கெனவே இரண்டு கோமாளி மீன், இரண்டு டாம்செல், ஒரு சர்ஜன் மீன். சர்ஜன் மீனின் உடம்பில் நாலைந்து வெள்ளைப் புள்ளி தெரிந்ததால்தான் நான் ஓசூர் போனேன்.

"கிளீனர் ராஸ்ணா. இது ஒண்ணு இருந்தா போதும். டேங்கையும் சுத்தமா வெச்சுக்கும், மீனுக்கு நோயும் வராது" என்றார் கடைக்காரர். சென்னை கொளத்தூரிலிருந்து வாரம் ஒரு முறை சரக்கு வருகிறது என்றும் சொன்னார்.

அவரைக் குறை சொல்ல முடியாது. பெயரிலேயே 'கிளீனர்' இருக்கிறது. நன்னீர்த் தொட்டியில் கண்ணாடிப் பாசியைச் சுரண்டித் தின்னும் சக்கர் மீனைப் பார்த்துப் பழகியவர்கள் நாம். அதைப்போல இதுவும் தொட்டியைக் கழுவும் என்றுதான் நானும் நினைத்தேன். இந்த மீன் பாசியைத் தொடாது. கண்ணாடியைத் தொடாது. அது சுத்தம் செய்வது மீன்களை.

முதல் நாள் சாயங்காலமே வேலையை ஆரம்பித்துவிட்டது. தொட்டியில் ஒரு கல்லுக்கு மேலே நின்றுகொண்டு, வால்பக்கத்தைத் தூக்கித் தூக்கி இறக்கி, மேலும் கீழுமாக ஒரு ஆட்டம். சர்ஜன் மீன் எல்லாரையும் விரட்டுகிற முரடு. அது மெதுவாக அந்தக் கல்லுக்குப் பக்கத்தில் வந்தது. வந்து, துடுப்பை எல்லாம் விரித்து, தலையைச் சற்று மேலே தூக்கி, அப்படியே நின்றது. செவுள் மூடியைத் திறந்து கொடுத்தது. சின்ன மீன் அதன் விலா ஓரமாகத் தலை முதல் வால் வரை ஒரு சுற்று வந்து, செவுளுக்குள் மூக்கை நுழைத்து, எதையோ கொத்தியது. முரட்டு மீன் அசையவில்லை.

"அப்பா, மாடு மாதிரி நிக்குது பாருப்பா" என்றாள் மகள்.

எனக்குச் சட்டென்று ஆயா ஞாபகம் வந்தது.

காரிமங்கலம் பக்கம் எங்கள் ஊர். ஆயாவிடம் ஒரு ஆலம்பாடி மாடு இருந்தது. தெரியாத ஆள் பக்கத்தில் போனால் முட்டும். மத்தியான வெயில் தாழ்ந்ததும் ஆயா ஒரு கொட்டாங்குச்சியில் கொஞ்சம் மண்ணெண்ணெய் ஊற்றி எடுத்துக்கொண்டு கட்டுத்தறிக்குப் போவாள். குந்தி உட்கார்ந்து, காது மடலின் உள்பக்கம், மடி ஓரம், வாலடி, கழுத்துக்குக் கீழே தொங்கும் அலைதாடி மடிப்பு என்று விரலால் தடவித் தடவித் தேடுவாள். ரத்தம் குடித்துப் புளியங்கொட்டை மாதிரி உப்பிய உண்ணிகளைத் தலை அறுந்துவிடாமல் திருகி எடுத்து மண்ணெண்ணெயில் போடுவாள். அத்தனை நேரமும் மாடு கழுத்தை நீட்டி, கண்ணைப் பாதி மூடி, ஒரு காதை மட்டும் அசைத்துக்கொண்டு நிற்கும். ஒரு இடம் முடிந்ததும் அதுவே திரும்பி அடுத்த பக்கத்தைக் காட்டும். ஆயா இல்லாத நேரத்தில் வெள்ளைக் கொக்கு வந்து அதன் காலடியிலேயே நடக்கும். மாடு நடக்கையில் புல்லிலிருந்து கிளம்பும் வெட்டுக்கிளியும் பூச்சியும்தான் அந்தக் கொக்குக்கு முக்கியமான தீனி. ஆனாலும் மாட்டின் மேல் ஏறி உண்ணியும் கொத்தும். அதைப் பார்த்துத்தான் நம் ஆட்கள் அதற்கு உண்ணிக்கொக்கு என்று பேர் வைத்தார்கள்.

அன்று ராத்திரி படிக்க ஆரம்பித்தேன். வாங்குவதற்கு முன்னால் படித்திருக்க வேண்டும்.

அறிவியலில் இதன் பெயர் லேப்ராய்டிஸ் டிமிடியேட்டஸ். ராஸ் என்பது ஐந்நூறுக்கு மேல் இனங்கள் உள்ள பெரிய குடும்பம். அதில் இது நன்றாக வளர்ந்தாலும் 14 சென்டிமீட்டரைத் தாண்டாது. செங்கடல், ஆப்பிரிக்காவின் கிழக்குக் கரையில் தொடங்கி, லட்சத்தீவு, மன்னார் வளைகுடா, அந்தமான் வழியாகப் பசிபிக் நடுத்தீவுகள் வரை பவளப்பாறை உள்ள இடமெல்லாம் உண்டு. ஒவ்வொன்றும் பாறையில் ஒரு இடத்தைப் பிடித்துக்கொண்டு அங்கேயே கடை போடும். மற்ற மீன்கள் அதைத் தேடி வரும்.

மீன்களுக்கும் உண்ணி உண்டு. நண்டு, இறால் வகைக்குத் தூரத்து உறவான ஐசோபாடுகளில் நாத்தியிட் என்று ஒரு கூட்டம். சில மில்லிமீட்டர்தான் இருக்கும். குஞ்சுப் பருவத்தில் பாறை இடுக்கிலிருந்து கிளம்பி வந்து மீனைக் கவ்வி ரத்தம் உறிஞ்சிவிட்டு, வயிறு உப்பியதும் கீழே இறங்கி ஒளிந்துகொள்ளும். வளர்ந்தபின் அவை எதையும் தின்பதில்லை. ரத்தம் குடிப்பதெல்லாம் சின்ன வயதோடு சரி. மீனுக்குக் கை கிடையாது. முதுகைக் கல்லில் தேய்க்கலாம், செவுளுக்குள் இருப்பதை என்ன செய்யும்?

ஆஸ்திரேலியாவின் பெருந்தடுப்புப் பவளத்திட்டில் லிசார்ட் தீவு என்று ஒரு இடம். அங்கே அலெக்சாண்டரா கிரட்டர் என்ற விஞ்ஞானி பல வருடமாக இந்த மீனைப் பின்தொடர்ந்திருக்கிறார். 1996இல் அவர் வெளியிட்ட கணக்கு இது: ஒரு கிளீனர் ராஸ் ஒரு நாளில் சுமார் 2,300 தடவை மற்ற மீன்களின் உடம்பைச் சோதிக்கிறது, சுமார் 1,200 ஒட்டுண்ணிகளைத் தின்கிறது. அந்த எண்ணைப் படித்துவிட்டு எழுந்து போய்த் தொட்டியைப் பார்த்தேன். என் மீனுக்கு மொத்தம் ஐந்து வாடிக்கை.

இந்த மீனின் வேலையைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். நான் படித்தவற்றிலேயே என்னை அதிகம் கட்டிப்போட்டது அதுதான்.

உண்மையில் இதற்கு உண்ணியைவிடப் பிடித்தமான சாப்பாடு வேறு: மீனின் உடம்பைப் போர்த்தியிருக்கும் கோழை. வழவழவென்று நம் கையில் ஒட்டுமே, அது. உண்ணி பொறுக்கும் சாக்கில் ஒரு வாய் கோழையைக் கடித்துவிட்டால் அதற்கு லாபம், வந்த மீனுக்கு நஷ்டம். கடிபட்ட மீன் ஒரு துள்ளு துள்ளும். சில மீன் திரும்பி விரட்டும். ஊர் சுற்றும் மீனாக இருந்தால் பேசாமல் அடுத்த பாறையில் இருக்கும் வேறு கிளீனரிடம் போய்விடும். சுவிட்சர்லாந்தின் நுஷாடெல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரெதுவான் பிஷாரியும் கூட்டாளிகளும் இதை வருடக்கணக்காக ஆராய்ந்திருக்கிறார்கள். வேறு கடைக்குப் போக வழியுள்ள வாடிக்கையையும், அந்தப் பாறையை விட்டு நகர முடியாத உள்ளூர் மீனையும் ஒரே நேரத்தில் கண்டால், கிளீனர் வெளியூர் மீனைத்தான் முதலில் கவனிக்கும். அடுத்த மீன் ஒன்று பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தால் கடிப்பது குறைந்து ஒழுங்காக வேலை செய்யும். ஆணும் பெண்ணும் சேர்ந்து ஒரு பெரிய மீனைக் கவனிக்கும்போது பெண் அவசரப்பட்டுக் கடித்து வாடிக்கை ஓடிவிட்டால், ஆண் அந்தப் பெண்ணைத் துரத்தித் தண்டிக்கும். பத்து சென்டிமீட்டர் மீனின் தலைக்குள் இத்தனை கணக்கும் ஓடுகிறது.

கோபித்துக்கொண்டு போகும் வாடிக்கையைச் சமாதானப்படுத்தவும் அதற்கு ஒரு வழி உண்டு. மீனின் முதுகுமேல் ஏறிக்கொண்டு, தன் அடித்துடுப்பால் படபடவென்று தடவிக்கொடுக்கும். கொத்துவது இல்லை, தின்பது இல்லை, வெறும் தடவல். ஒகேனக்கல் போனவர்களுக்கு இது உடனே புரியும். ஆடிப்பெருக்குக்கு அப்பா எங்களைக் கூட்டிப்போவார். அருவிக்குப் போகும் வழியில் எண்ணெய்க் கிண்ணத்தோடு நிற்பவர்கள், பாறையில் உட்கார வைத்து, தலையில் எண்ணெய் ஊற்றி, முதுகில் இரண்டு கையையும் சேர்த்துத் தட்டித் தட்டி உருவி விடுவார்கள். வருடம் முழுக்க லாரி ஓட்டிய அப்பாவின் தோள் அந்த அரைமணி நேரத்தில் இறங்குவதைக் கண்ணால் பார்க்கலாம். 2011இல் வெளியான ஒரு ஆய்வில், இந்தத் துடுப்புத் தடவலைப் போலவே அசையும் பொம்மைக் கிளீனரைத் தொட்டியில் வைத்து, அதனிடம் போய் உரசிக்கொண்ட சர்ஜன் மீன்களைச் சோதித்திருக்கிறார்கள். அவற்றின் உடம்பில் கார்ட்டிசால் என்ற பதற்ற ஹார்மோன் குறைந்திருந்தது. உண்ணி எதுவும் எடுக்காமல், தடவல் ஒன்றிலேயே.

பல்லுள்ள பெரிய களவா மீனின் திறந்த வாய்க்குள் போய் வெளியே வரும் மீன் இது. அதைத் தின்ன யாரும் நினைப்பதில்லை. இதே கறுப்புப் பட்டையும் இதே ஆட்டமும் கொண்ட வேறொரு மீனும் பாறையில் உண்டு. ஆஸ்பிடோன்டஸ் என்று பெயர். கிளீனர் என்று நம்பி வந்து நிற்கும் மீனின் துடுப்பைக் கடித்துப் பிய்த்துக்கொண்டு ஓடும். போலி செல்லுபடியாகிறது என்றால் அசலுக்கு அங்கே எவ்வளவு நம்பிக்கை இருக்க வேண்டும்!

கடைக்காரர் அன்று "ஜோடியா எடுத்துக்கோங்கணா" என்றும் சொன்னார். ஆண் எது பெண் எது என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. பிறகுதான் படித்தேன்: இவை எல்லாமே பெண்ணாகத்தான் வாழ்க்கையைத் தொடங்குகின்றன. ஒரு ஆண், நாலைந்து பெண் என்று ஒரு குடும்பம். ஆண் செத்தால் இருப்பதில் பெரிய பெண், சில மணி நேரத்துக்குள்ளேயே ஆணைப்போல் மற்றவற்றை அதட்ட ஆரம்பிக்கும். இரண்டு வாரம் சொச்சத்தில் உடம்பும் ஆணாகிவிடும். ராபர்ட்சன் என்ற விஞ்ஞானி 1972இல் இதை எழுதினார். இயற்கை ஒரு இழப்பை ஈடுகட்டும் ஏற்பாடு இது. ஆனால் பிடிக்கிறவர் ஒன்றோடு நிறுத்தாமல் அந்தப் பாறையின் குடும்பத்தையே வலையில் அள்ளிக்கொண்டு போனால், ஆணாக மாறுவதற்கு அங்கே யார் இருக்கிறார்கள்?

அள்ளுவதும் சுலபம். மற்ற மீன்கள் ஆளைக் கண்டால் இடுக்கில் ஒளியும். இது நேற்று நின்ற அதே கல்லில்தான் இன்றும் நிற்கும். பெரிய உருவம் வந்தால் வாடிக்கை என்று நினைத்து எதிரே வந்து ஆடும். என் தொட்டியில் கையை விட்டபோது நானே பார்த்தேன். விரல் முட்டியில் ஒரு பழைய காயத்தழும்பு இருந்தது. அதைச் சுற்றிச் சுற்றி வந்து, எறும்பு ஊர்கிற மாதிரி மெல்லக் கொத்தியது. அந்தக் கூச்சம் இன்னும் விரலில் இருக்கிறது.

பத்து நாள் கழித்து அதன் வயிறு ஒட்ட ஆரம்பித்தது.

உறைந்த இறால் துருவல் போட்டேன். வாயில் வாங்கித் துப்பியது. இன்னும் பொடியாக நறுக்கிப் போட்டேன். பூண்டு சாறு கலந்து போட்டுப் பாருங்கள் என்றார்கள், அதையும் செய்தேன். சர்ஜன் மீனின் புள்ளிகள் அப்படியேதான் இருந்தன. அது தோலுக்குள் புகுந்து வளரும் வேறு நோய், இந்த மீனின் வாய்க்கு எட்டாதது. உண்ணி என்று தின்ன என் தொட்டியில் ஒன்றும் இல்லை. பசிக்கு அது கோழையைக் கடிக்கத் தொடங்கியது. ஐந்தே மீன், ஒவ்வொன்றையும் நாளெல்லாம் விடாமல் துரத்தியது. எந்த மீன் தானாக வந்து செவுளைத் திறந்து கொடுத்ததோ, அதே சர்ஜன் மீன் இப்போது பம்புக்குப் பின்னால் ஒளிந்துகொண்டது. கடலாக இருந்தால் அது வேறு பாறைக்குப் போயிருக்கும். இரண்டரை அடித் தொட்டியில் எங்கே போகும்?

இரவில் விளக்கை அணைக்கும் முன் கிளீனர் கண்ணாடி மூலைக்குப் போய், தன் பிம்பத்தின் மேல் மோதிக்கொண்டே இருக்கும். நோய் என்று நினைத்தேன். விடியற்காலையில் கல்லிடுக்கில் அது ஒரு மெல்லிய பைக்குள் படுத்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். தன் கோழையாலேயே நெய்து போர்த்திக்கொள்ளும் ஒரு கண்ணாடிக் கூடு. டார்ச் அடித்தால் கொசுவலைக்குள் குழந்தை தூங்குகிற மாதிரி தெரியும். மகள் அதைப் பார்க்கவே ஐந்து மணிக்கு எழுந்து வருவாள்.

இருபத்துமூன்றாவது நாள் கூடு இல்லை. மீன் வடிகட்டியின் வாயில் ஒட்டிக் கிடந்தது. முதுகெலும்பு விளிம்பு தெரிந்தது. மகள் அழவில்லை. "பட்டினியா போட்டுட்டோம்ல" என்றாள். கொல்லையில் முருங்கைக்குக் கீழே புதைத்தோம்.

அதன்பின்தான் இந்த இனத்தின் நிலைமை என்ன என்று தேடினேன். அழியப்போகும் மீன் ஒன்றைக் கொன்றுவிட்டேனோ என்று மனசு அடித்துக்கொண்டது. பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்புச் சங்கத்தின் சிவப்புப் பட்டியலில் அதற்குக் கிடைத்திருந்த இடம்: கவலை குறைந்த இனம். இதே ராஸ் குடும்பத்தில் நெப்போலியன் ராஸ் என்று நெற்றி புடைத்த ஒரு பெரிய மீன் இருக்கிறது. ஆள் உயரத்துக்கு வளரும். ஹாங்காங் உணவகங்களின் தேவைக்காகப் பிடித்துப் பிடித்துக் குறைந்துபோய், 2004இல் அருகிவரும் இனமாக அறிவிக்கப்பட்டது. அதே வருடம், காட்டுயிர்களை நாடு விட்டு நாடு விற்பதைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலிலும் சேர்த்தார்கள். அதை ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்கு அனுப்ப இன்று அனுமதிச் சீட்டு வேண்டும். என் சுண்டுவிரல் மீனுக்கு அப்படி எதுவும் தேவையில்லை. நம் நாட்டு வனவிலங்குச் சட்டத்தில் கடல்குதிரை இருக்கிறது, சில சுறாக்கள் இருக்கின்றன, பவளம் இருக்கிறது, இது இல்லை.

பட்டியல் தவறு என்று நான் சொல்ல மாட்டேன். செங்கடலிலிருந்து பசிபிக் வரை பரவி, நிறைய இருக்கும் ஒரு இனம் உலகத்தைவிட்டே போய்விடுமா என்பது அந்தப் பட்டியல் கேட்கும் கேள்வி. போகாது என்பது சரியான பதில்தான். ஆனால் இந்த மீன் விஷயத்தில் கேட்க வேண்டிய கேள்வி வேறு என்று எனக்குப் படுகிறது. இந்தப் பாறையில், இந்த நூறு மீன்களுக்கு, நாளைக்கு உண்ணி பொறுக்க ஆள் இருக்கிறதா? உலகத்தில் கொக்குக்குப் பஞ்சமில்லை என்பது ஆயாவின் மாட்டுக்கு என்ன ஆறுதல்?

இதைச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். லிசார்ட் தீவில், மணலுக்கு நடுவே தனித்தனியாக இருந்த சின்னப் பவளத் திட்டுகளை எடுத்துக்கொண்டு, சிலவற்றில் கிளீனர்களை விட்டுவைத்தார்கள். சிலவற்றில் புதிதாக வந்து சேரச் சேர எடுத்துக்கொண்டே இருந்தார்கள். எட்டரை வருடம். 2011இல் முடிவு வந்தது. கிளீனர் இல்லாத திட்டுகளில் குடியிருக்கும் மீன்களின் எண்ணிக்கை 37 சதவீதம் குறைவு; இனங்களின் எண்ணிக்கை 23 சதவீதம் குறைவு. திட்டு விட்டுத் திட்டு போகும் மீன்களும் குறைந்திருந்தன. பவளம் அப்படியே இருந்தது, தண்ணீர் அப்படியே இருந்தது. ஒரு சின்ன மீன் மட்டும் இல்லை.

ஆளே எடுக்காவிட்டாலும் ஆபத்து வேறு வழியில் வருகிறது. 2014லும் 2015லும் அதே தீவை அடுத்தடுத்து இரண்டு புயல்கள் அடித்தன. 2016இல் கடல் சூடேறிப் பவளம் வெளுத்தது. அதற்குப் பிறகு போய்ப் பார்த்தபோது கிளீனர் ராஸ்கள் ஐந்தில் நான்கு பங்கு குறைந்திருந்தன. மிஞ்சியவை, முன்பு மாதிரி வெளியூர் மீனுக்கு முன்னுரிமை கொடுப்பது, யாராவது பார்க்கும்போது ஒழுங்காக இருப்பது போன்ற நுணுக்கங்களைச் செய்வதையும் விட்டிருந்தன. கூட்டமும் போட்டியும் இருந்தால்தான் அந்தச் சாமர்த்தியம் தேவைப்படும் போலிருக்கிறது. எண்ணிக்கை குறைந்தால் வேலைத்திறமும் கூடவே போகிறது. எந்தப் பட்டியலிலும் அதை எழுத ஒரு கட்டம் இல்லை.

நம் பக்கத்துக் கடலும் தப்பவில்லை. ராமேஸ்வரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையே 21 தீவுகளைச் சுற்றிய மன்னார் வளைகுடாப் பவளத்திட்டுகள், 1986இல் கடல்சார் தேசியப் பூங்கா ஆனவை. 2010லும் 2016லும் வெப்பத்தில் வெளுத்தன. பூங்காவுக்குள் பவளத்தையோ மீனையோ எடுப்பது குற்றம். அங்கே இருக்கும் கிளீனர்களுக்கு அந்த வேலி ஒன்றுதான் காவல்.

அலங்கார மீன் வியாபாரம் பற்றி ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பின் உலகப் பாதுகாப்புக் கண்காணிப்பு மையம் 2003இல் ஒரு அறிக்கை வெளியிட்டது. இந்த மீன் தொட்டியில் நிலைப்பதில்லை, பாறைக்கோ மிகவும் தேவையானது, ஆகவே வியாபாரத்துக்கு ஏற்றதல்ல என்று அப்போதே அதில் பேர் சொல்லி எழுதியிருந்தார்கள். இருபது வருடம் கழித்து நான் அதைக் காசு கொடுத்து வாங்கி, பேருந்தில் மடியில் வைத்துக் கொண்டுவந்திருக்கிறேன். குஞ்சு பொரிக்க வைத்து வளர்த்து விற்கிற மீனும் இல்லை இது. முட்டை கடலில் மிதந்து, நீரோட்டத்தோடு போய்ப் பொரிந்து, எங்கோ ஒரு பாறையில் வந்து சேர வேண்டும். கடைத்தொட்டியில் நீங்கள் பார்க்கும் கிளீனர், ஏதோ ஒரு பாறையில் கடை மூடிவிட்டு வந்தது.

கடைசியாகப் படித்ததை மகளிடம் சொல்லலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். ஜப்பானில் ஒசாகாவில் மசனோரி கோடா என்பவரின் குழு இந்த மீனுக்குக் கண்ணாடி காட்டிச் சோதித்திருக்கிறது, 2019இல் வெளியிட்டார்கள். முதல் சில நாள் மீன் தன் பிம்பத்தோடு சண்டை போட்டது. பிறகு சண்டை நின்று, கண்ணாடி முன்னால் தலைகீழாக நீந்துவது போல விநோதமான காரியங்கள் செய்தது. பிறகு அமைதியாக நின்று பார்த்தது. அப்போது அதன் தொண்டைக்குக் கீழே, நேராகப் பார்க்க முடியாத இடத்தில், உண்ணியைப் போல ஒரு பழுப்புப் புள்ளி வைத்தார்கள். மீன் கண்ணாடியில் பார்த்தது. கீழே இறங்கித் தன் தொண்டையை மணலில் தேய்த்தது. திரும்பி வந்து மறுபடி பார்த்தது. நிறமில்லாத புள்ளி வைத்தபோதும், கண்ணாடி இல்லாதபோதும் தேய்க்கவில்லை. 2023இல் அதே குழு, தன் முகத்தைப் புகைப்படத்திலும் அது அடையாளம் காண்கிறது என்று காட்டியது. கண்ணாடியில் தெரிவது தான்தான் என்று அந்த மீனுக்குத் தெரிகிறதா என்பதில் விஞ்ஞானிகளுக்குள் வாதம் நடக்கிறது. எனக்கு அந்த வாதத்தில் சொல்ல ஒன்றும் இல்லை. மூலைக் கண்ணாடியில் மோதிக்கொண்டிருந்ததே, அது முதல் சில நாள் பாடம். அடுத்த பாடத்துக்குப் போகும் அளவுக்கு அதன் உடம்பில் தெம்பு இல்லை.

சொன்னேன். மகள் கேட்டுவிட்டு, "அப்ப அதுக்குத் தன் வயிறு ஒட்டியிருந்ததும் தெரிஞ்சிருக்குமாப்பா?" என்றாள்.

இப்போதும் தொட்டி இருக்கிறது. சர்ஜன் மீனைத் தனித் தொட்டிக்கு மாற்றி, மருந்து போட்டு, நாலு வாரத்தில் குணமாக்கினோம். ஆரம்பத்திலேயே செய்திருக்க வேண்டியது அதுதான். புது மீன் எதுவும் தேவைப்பட்டிருக்காது. பிறகு வாங்கியவை தொட்டியிலேயே பிறந்த கோமாளி மீன்கள் மட்டும். கோமாளி மீனைக் குஞ்சு பொரிக்க வைக்கும் முறையை நம் மத்தியக் கடல்மீன் ஆராய்ச்சி நிலையமே கற்றுத் தருகிறது. கடலிலிருந்து ஒன்றைக்கூட எடுக்காமல் ஆசைக்குக் கடல் மீன் வளர்க்க அப்படி ஒரு வழி இருக்கிறது.

போன மாதம் உப்பு வாங்க ஓசூர் போனேன். அதே கடை. மேல் வரிசையில் பிளாஸ்டிக் டப்பா ஒன்றில் இரண்டு கிளீனர்கள். ஒன்று என்னைக் கண்டதும் மேலும் கீழுமாக ஆடியது. கடைக்காரரிடம் எல்லாவற்றையும் சொன்னேன், இருபத்துமூன்று நாள் கதையையும் சேர்த்து. கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் போனை எடுத்து, அடுத்த வார ஆர்டர் லிஸ்ட்டைத் திறந்து, கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"எனக்கு இத யாரும் சொன்னதில்லணா. லிஸ்ட்ல பேர் வரும், எண்ணிக்கை போட்டு அனுப்புவேன். பாதி இங்கயே செத்துப்போவும்." அப்புறம், "போடாம விட்டுடலாம். ஆனா கேக்கறவங்களுக்கு என்னா சொல்றது?" என்றார்.

"உண்ணி பொறுக்குற மீனு, உண்ணி இல்லாத தொட்டியில பட்டினி கிடந்து சாவும்னு சொல்லுங்க."

அவருக்கு தேன்கனிக்கோட்டை பக்கம். வீட்டில் இரண்டு மாடு இருக்கிறது என்று முன்பே சொல்லியிருக்கிறார். போனைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"கடல்லகூட உண்ணி இருக்குதாணா?"

ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.